மன்னார்த் தீவில் ஒரு பழைய கணினி

கடற்கரையூர்களுக்குச் சென்று திரும்புவோர் கருவாட்டுப் பொதியோடும் பனங்கட்டியோடும் வருவது வழக்கம். 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மன்னார்த் தீவுக்குச் சென்ற நாமும் அவ்விரண்டையும் கொண்டே வந்தோம். ஆயினும் அவற்றைக் காட்டிலும் நெடுநாள் நின்று பயன்தரும் ஒன்றையும் அங்கிருந்து பெற்று வந்தோம். பழைய பொருளொன்றில் எந்தப் பாகத்தை மாற்றுவது, எதனை அப்படியே விடுவது, எப்போது முழுவதையும் கைவிடுவது என்னும் கேள்விக்குரிய விடையே அது. அதனை எமக்கு உணர்த்தியது பத்தொன்பது வயது மருமகனின் விளையாட்டுக் கணினி என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். நகைத்த பின்னராவது படித்து முடிக்குமாறு வேண்டுகிறோம்.

கொழும்பில் இரவு ஏறிய பஸ் வண்டி, மதவாச்சியில் மன்னார் வீதிக்குத் திரும்பியபோது விடியற் காலம். செட்டிகுளத்தையும் மடுச்சந்தியையும் கடந்து முருங்கனை அணுகுகையில் காடு விலகி வயல்வெளி விரிந்தது. அவ்வயல்களுக்கு உயிர் கொடுப்பது கட்டுக்கரைக் குளம். பெயருக்கேற்ற பெருங்குளமாயினும், அருவியாற்றில் தேக்கம் என்னுமிடத்துக் கல்லணையிலிருந்து வரும் வாய்க்காலே அதனை நிரப்புகிறது. குளம் எத்துணை அகன்றதாயினும் வாய்க்கால் தூர்ந்துபோனால் பயனில்லை. ஆவணி மாதமாதலின் நீர் வற்றி, கரையோரச் சேற்றிற் கொக்குகள் நின்றன. இக்குளத்தின் நினைவு பின்னர் எமக்கு உதவப் போகிறது என்பதை அப்போது நாம் அறியோம்.

உயிலங்குளத்தைத் தாண்டியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியில் வண்டி ஓடியது. போரில் அழிந்த பழைய பாலத்துக்குப் பதிலாக, யப்பானிய உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தீவில் ஏறியவுடன் வரவேற்பது கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பியதை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி அமைத்தனர். அதன் சுவரோரம் நிழல் தேடி நின்ற கழுதைகளைக் கண்டு எம் இல்லத்தாள் மகிழ்ந்தாள். பள்ளிமுனையில் உள்ள, சுற்றளவில் 19 மீற்றருக்கு மேற்பட்ட பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டு, தலைமன்னார் வீதியிற் பேசாலை நோக்கிப் புறப்பட்டோம்.

பேசாலை பெரிய மீன்பிடிக் கிராமம். அங்கே எம் தமக்கையார் குடும்பம் வாழ்கிறது. அத்தான் கடற்றொழிலாளர். மூத்தவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவன். இளையவள் அடுத்த ஆண்டு அதே பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். சோளகக் காற்று ஓயாது வீசும் காலம் அது. பனையோலைகள் இரவு பகலாகச் சலசலத்தன. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு இறுதியில் தொடக்கி வைக்கப்பட்ட தம்பபவனி மின் நிலையத்தின் முப்பது காற்றாலைகளும் அக்காற்றை மின்சாரமாக்கிச் சுழல்கின்றன. ஆனால் அதே காற்றுத்தான் மணலையும் உப்பையும் ஏந்தி வீடுகளுக்குள் நுழைந்து, கதவுக் கீல் முதல் தையல் இயந்திரம் வரை அனைத்தையும் அரிக்கிறது.

எண்பதாயிரம் ரூபா

பகலுணவு முடிந்து பாயில் அமர்ந்திருந்தபோது மருமகன் மெல்ல அருகில் வந்தான்.

"மாமா, உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும். என்ர கொம்பியூட்டருக்கு எதை மாத்தினா நல்லம்?"

நாம் முன்னொரு காலத்தில் அலுவலகமொன்றிற் கணினிகளைப் பேணும் பணியில் இருந்தோம். அதனை நினைவில் வைத்தே கேட்டான். அவனிடம் எண்பதாயிரம் ரூபா இருந்தது. இரண்டாண்டு காலம் கருவாட்டு வாடியொன்றில் விடுமுறை நாட்களில் வேலை செய்தும், திருமண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தும் சேர்த்த காசு. அதனை அப்படியே கொடுத்து, விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கிவிட அவன் ஏறக்குறைய முடிவு செய்திருந்தான்.

அடுப்படியிலிருந்து தமக்கையாரின் குரல் கேட்டது. "அங்க அப்பாவின்ர வலை கிழிஞ்சு கிடக்குது. இவருக்கு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு காசோ?"

மருமகன் தலை கவிழ்ந்தான். அத்தான் எதுவும் பேசவில்லை. உழைத்தவன் காசு உழைத்தவனுக்கே என்பது அவர் கொள்கை. ஆனால் அம்மௌனத்தின் பாரம் பையனுக்கும் விளங்கியிருந்தது. ஆதலின் நாம் சொல்லப்போகும் விடை வெறும் இயந்திர விடயமன்று என்பதை உணர்ந்து, "முதலிற் பெட்டியைப் பார்ப்போம்" என்றோம்.

அக்கணினி 2017ஆம் ஆண்டு வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ-5 7400 என்னும் புரொசெசர், எட்டு ஜி.பி. ராம் ஒரே தகடாக, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், 1050 டி.ஐ. என்னும் கிராபிக்ஸ் கார்ட், பெயர் தெரியாத பவர் சப்ளை ஒன்று, வினாடிக்கு அறுபது படங்களைக் காட்டவல்ல திரை. வாங்கிய காலத்தில் நடுத்தரக் குடும்பமொன்றுக்கு இது பெருமைக்குரிய கணினியே. அவன் விரும்பி ஆடிய கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டு, 2023ஆம் ஆண்டு புரட்டாதியில் இரண்டாம் பதிப்பாக மாறியது. புதிய பதிப்பு கணினியிடம் அதிக வேலை கேட்டது. அன்று முதல் திரை தட்டுத்தடுமாறலாயிற்று. வீடியோ வேலையும் மந்தமாயிற்று.

பெட்டியைத் திறந்தபோது

பக்கத் தகட்டைக் கழற்றியதும் பேசாலைக் கடற்கரையின் ஒரு பகுதியே உள்ளிருந்தது என்னலாம். புரொசெசரின் மேலுள்ள வெப்பந்தணிக்கும் தகடுகளுக்கிடையில் மணலும் தூசியும் ஈரப்பசையோடு சேர்ந்து அடையாய்ப் படிந்திருந்தன. திருகாணிகளிற் துரு ஏறியிருந்தது. விளையாட்டை ஓடவிட்டு வெப்பத்தை அளந்தோம். தொண்ணூற்றேழு பாகை! அவ்வளவு சூடேறிய புரொசெசர் தன்னைத்தான் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வினாடிக்கு நாற்பத்தைந்து படங்களே வந்தன.

இவ்விடத்தில் அத்தான் முதன்முறையாக வாய் திறந்தார். "எஞ்சின் இழுக்கேல்லையெண்டா உடன எஞ்சினை மாத்திறதோ? முதல் பிளக்கைக் கழட்டிப் பாக்கிறது. பிறகு எண்ணெய் வாற குழாயைப் பாக்கிறது. கடைசியிலதான் காசு."

கடலில் நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால் கரைசேர வேண்டியவரின் அறிவு அது. காசு செலவில்லாத திருத்தத்தை முதலிற் செய்ய வேண்டும். நாம் மின்னிணைப்பை நீக்கி, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினோம். விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு காற்றடித்தோம். காய்ந்து போயிருந்த வெப்பப் பசையைத் துடைத்தெடுத்து, மன்னார் நகரில் வாங்கிய புதிய பசையை ஒரு பயறளவு வைத்தோம். வெப்பம் எழுபத்திரண்டு பாகைக்கு இறங்கிற்று. படங்கள் அறுபத்தைந்தாக உயர்ந்தன. செலவு பசைக்குரிய சில்லறை மட்டுமே. எனினும் இடையிடையே திரை உறைந்து நிற்பது நீங்கவில்லை.

"அப்ப கிராபிக்ஸ் கார்ட்தானே மாமா?" என்றான் பையன்.

"நீ வேலை செய்யும் வாடியை எண்ணிப்பார்" என்றோம். வாடியில் மீன் வெட்டுவோர் உள்ளனர். வெட்டிய மீனைப் பரப்பி உலர்த்துவோரும் உள்ளனர். வெட்டுவோர் மந்தமாயிருக்கையில் உலர்த்துவோரை இருமடங்காக்கினால் அவர்கள் கைகட்டி நிற்பார்களேயன்றிக் கருவாடு கூடாது. புரொசெசர் வெட்டுபவர், கிராபிக்ஸ் கார்ட் உலர்த்துபவர், ராம் வெட்டும் பலகை, ஹார்ட் டிஸ்க் மீன் வந்து குவியும் களஞ்சியம். இவர்களில் யார் பிந்துகிறார் என்று அறியாமற் காசைக் கொடுக்கலாகாது.

அதனை அறிய எளிய சோதனையொன்று உண்டு. விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைத்தோம். துல்லியம் குறைந்தால் கிராபிக்ஸ் கார்டின் வேலை குறையும். அப்போது படங்களின் எண்ணிக்கை தாவி உயருமாயின், பிந்தியவர் அக்கார்டே. உயரவில்லையாயின் குற்றம் வேறிடத்தில் உள்ளது. நாம் பார்த்தபோது எண்ணிக்கை அசையவில்லை. பையனின் முகம் மாறிற்று. எண்பதாயிரம் ரூபாவும் கைகட்டி நிற்கும் உலர்த்துநருக்குப் போகவிருந்ததை அவன் அக்கணத்தில் உணர்ந்தான்.

அடுத்து, விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தோம். எட்டு ஜி.பி. ராம் நிரம்பி வழிந்தது. வழிந்ததை எல்லாம் மந்தமான ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்து, மீண்டும் ஏற்றிக் கொண்டிருந்தது கணினி. திரை உறைந்து நின்றதன் காரணம் அதுவே. அன்றியும், ராம் ஒரே தகடாய் இருந்தமையால் புரொசெசருக்குத் தரவு செல்லும் பாதை ஒன்றே. அதனைக் கணினித் துறையினரும் வாய்க்கால் என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிப்பர். இரண்டு தகடுகளை உரிய துளைகளிற் பொருத்தினால் வாய்க்கால் இரண்டாகும். கட்டுக்கரைக் குளமும் தேக்கத்து வாய்க்காலும் நினைவுக்கு வர, அதனையே உவமையாகச் சொன்னோம். விவசாயியின் பேரனான அத்தானுக்கு அது உடனே விளங்கிற்று.

ஒரே முளைகள், வேறு பூட்டு

அன்று மாலை பையன் கைதொலைபேசியை நீட்டினான். இணையத்தில் எட்டாம் தலைமுறைப் புரொசெசர் ஒன்றை ஒருவர் மலிவாக விற்பதாக அறிவித்திருந்தார். "இதிலயும் 1151 முளைதான் மாமா. அப்படியே போடலாம் எண்டு சொல்லுறார்."

இதுதான் பலரும் வழுக்கி விழும் இடம். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் தொடுமுனைகளின் தொகை 1151 என்பது உண்மை, வடிவமும் ஒன்றே. ஆயினும் மின் இணைப்பின் ஒழுங்கு மாறிவிட்டது. 2017 இறுதியில் வெளிவந்த எட்டாம் தலைமுறைக்கு அக்காலத்துப் புதிய மதர்போர்டே வேண்டும். பையனின் பழைய மதர்போர்டில் அது இயங்காது. ஒரே பருமனான திறப்பு என்பதால் அயல்வீட்டுப் பூட்டைத் திறக்குமா? பழைய மதர்போர்டில் ஏற்றத்தக்க மேலான புரொசெசர் அதே ஏழாம் தலைமுறையின் ஐ-7 7700 ஆகும். ஆனால் அதையும் வாங்க வேண்டாம் என்றோம். காரணம் உண்டு.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஐப்பசி 14ஆம் திகதியோடு முடிவடையவிருந்தன. அடுத்ததாகிய விண்டோஸ் 11, இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, மிகச் சில நீங்கலாக, ஏற்பதில்லை. ஒரேயொரு தலைமுறையாற் பையனின் கணினி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது! மேலதிகத் திருத்தங்களுக்குப் பதிவு செய்து 2026 ஐப்பசி வரை தள்ளலாம். அதன்பின் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்துக்கு மாறலாம். அவனுடைய கார்டுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருளைத் தருவதை 2025 ஐப்பசியோடு நிறுத்துவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 ஐப்பசி வரை தருவதாகவும் என்விடியா நிறுவனம் அறிவித்திருந்தது. ஆக, இக்கணினிக்கு வயது ஏறிவிட்டது. ஆயினும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இத்தகைய பொருளுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதே கேள்வி.

இறங்குதுறையில்

மறுநாள் அனைவரும் தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றோம். வெண்ணிறக் கலங்கரை விளக்கம் ஒன்று நிமிர்ந்து நிற்க, பழைய துறைமேடையின் எச்சங்கள் கடலுள் நீண்டு கிடந்தன. 1914ஆம் ஆண்டு இங்கிருந்து தனுஷ்கோடிக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்பிற் புகையிரதம் ஏறியவர் கப்பல் மாறி, அக்கரையில் மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னை சேர்ந்த காலம் அது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இக்கரையில் 1990இல் புகையிரதப் பாதையும் போரில் அழிந்தது. இந்திய உதவியுடன் பழைய தடத்திலேயே புதிய தண்டவாளம் இட்டு, 2013இல் மடுவீதி வரையும் 2015இல் தலைமன்னார் வரையும் மீளத் திறந்தனர். தடம் பழையது, தண்டவாளம் புதியது.

அக்கரையிலுள்ள பாம்பன் பாலமும் 1914இல் திறந்ததுதான். கப்பல்களுக்கு வழிவிட நடுவே திறந்து மூடும் அமைப்புடைய அப்பாலத்தை, உப்புக் காற்றோடு போராடிப் பாகம் பாகமாக மாற்றிக் காத்தனர். 2007இல் அகலப் பாதைக்கு ஏற்ப வலுப்படுத்தினர். நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அது 2022 மார்கழியில் ஓய்வு பெற்றது. 2025 சித்திரை 6ஆம் திகதி அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதைப் பேணியவர் அறிவிலிகள் அல்லர். ஒருநாள் அதனைக் கைவிட்டவரும் நன்றி கெட்டவர் அல்லர். இரண்டுக்கும் உரிய காலம் உண்டு.

கடலைப் பார்த்தவாறே பையனுக்குச் சொன்னோம். "வாங்கும் பொருளை இரண்டாகப் பிரித்துக்கொள். நாளை புதிய கணினி வாங்கும்போது உன்னோடு கூட வரும் பொருள் ஒரு வகை; இந்தப் பெட்டியோடு இறந்துபோகும் பொருள் மற்றொரு வகை. கூட வருவதற்குத் தாராளமாகச் செலவிடு. இறந்துபோவதற்குக் குறைவாகச் செலவிடு."

எஸ்.எஸ்.டி. என்னும் வேகக் களஞ்சியம் கூட வரும். நல்ல பவர் சப்ளையும் பெரும்பாலும் கூட வரும். அவன் ராமோ டி.டி.ஆர். 4 வகை, புதிய கணினிகள் டி.டி.ஆர். 5க்கு மாறிவிட்டமையால் அது கூட வராது. ஆகவே அதனைப் பாவித்த பொருளாகவே வாங்கலாம். புரொசெசரும் கூட வராது. ஆதலின் வாங்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்ட் கூட வரத்தக்கதாயினும், இன்றைக்கு அது தேவையில்லை. அறுபது படங்களே காட்டும் திரைக்கு அதற்கு மேல் வந்தும் கண்ணிற் படாது.

பவர் சப்ளை விளையாட்டின் வேகத்தைக் கூட்டாதே என்று அவன் ஐயுற்றான். மெய்தான். ஆனால் தரமற்ற பவர் சப்ளை பழுதாகும்போது சில வேளைகளில் ஏனைய பாகங்களையும் உடன் கொண்டுபோய்விடும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில், உப்புக் காற்று வீசும் ஊரில், எட்டாண்டு உழைத்த பெயரில்லாப் பெட்டியை நம்பி மற்றவற்றை வாங்குவது, இற்றுப்போன நங்கூரக் கயிற்றோடு புதுப்படகை நிறுத்துவதை ஒக்கும். இவ்வுவமை அத்தானுடையது.

கணக்கு முடிந்தது

மன்னார் நகரிலும் பின்னர் கொழும்பிலுமாகப் பொருள்கள் சேர்ந்தன. ஐந்நூறு ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, பாவித்த எட்டு ஜி.பி. ராம் தகடு ஒன்று, நம்பத்தக்க பவர் சப்ளை ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கை வீசவில்லை. முடிந்த வீடியோக்களைச் சேமிக்கும் களஞ்சியமாக அது இன்னும் உள்ளே இருக்கிறது. திறந்து வருவதற்குச் சில நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்தது. உறைந்து நிற்றல் நின்றது. படங்கள் எண்பதுக்கு மேல் நிலைத்தன. எஸ்.எஸ்.டி. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதன்று. ஏற்றி இறக்கும் நேரத்தைக் குறைப்பதே அதன் பணி. எனினும் வீடியோ வேலைக்கு அதுவே பேருதவியாயிற்று. பையன் மாதம் ஒருமுறை பெட்டியின் தூசி தட்டவும், சோளகக் காலத்தில் கணினியை யன்னலிலிருந்து தள்ளி வைக்கவும் ஒப்புக்கொண்டான்.

அவ்வாண்டு மார்கழியில் வாட்ஸ்அப் வழியே அவன் பேசினான். உலகெங்கும் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்தமையால் ராம் விலை உயர்ந்துவிட்டதென்றும், தான் முந்திக்கொண்டது நல்லதாயிற்று என்றும் மகிழ்ந்தான். தங்கச்சி அதே கணினியில் பழைய பரீட்சை வினாத்தாள்களைப் பார்த்துப் படிப்பதாகவும் சொன்னான்.

"மிச்சக் காசை என்ன செய்தாய்?" என்று வினவினோம்.

சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், "பாதியை அடுத்த கொம்பியூட்டருக்கெண்டு வைச்சிருக்கிறன். மற்றப் பாதிக்கு அப்பாவுக்கு வலை வாங்கியாச்சு, மாமா" என்றான்.

பின்புலத்தில் தமக்கையாரின் குரல் கேட்டது. இம்முறை அவர் விளையாட்டுச் சாமானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பங்குனியிற் கட்டாயம் வரவேண்டும் என்றும், கருவாடு எடுத்து வைத்திருப்பதாகவும் மட்டுமே சொன்னார்.